திரும்ப மறுக்கும் மண்வாரி
தூர் வாரும் யந்திரத்தின் சுழல் மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும்

காவிரியை நம்பி வாழும் நாட்டில் கடைமடை விவசாயிக்குக் காலம் மிக அரிய பொருளாகும். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது நெடுநாளைய மரபு. 2022ஆம் ஆண்டில் அதற்கும் முன்பாக மே 24ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. நீர் போதாத ஆண்டுகளில் நாள் தள்ளிப் போனதும் உண்டு. என்று திறந்தாலும், கல்லணையில் பிரியும் வெண்ணாற்றின் வழியே இறங்கி, அடப்பாறு, அரிச்சந்திரா நதி முதலிய கிளைகளைக் கடந்து, வேதாரண்யம் வட்டாரத்து வயல்களை நீர் எட்டுவது இறுதியில்தான். இடையில் வாய்க்கால் தூர்ந்து கிடக்குமாயின் அதுவும் எட்டாது.

நீர் வருவது ஒரு கவலை. வந்த நீர் வடிவது மற்றொரு கவலை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை கடலை நோக்கி ஓட வேண்டிய வழியும் இவ்வாறுகளும் வடிகால்களுமேயாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் உப்புப் படகுகள் செல்வதற்காகக் கடற்கரைக்கு இணையாக வெட்டப்பட்ட வேதாரண்யம் கால்வாய் இந்த வடிகால்களின் குறுக்கே செல்கின்றது. எங்கே மண் மேடிட்டாலும் சம்பாப் பயிர் நீரில் நிற்கும்.

ஆகவே கோடை இறுதியில் சில வாரங்களுக்குள் தூர் வாரும் பணி முடிந்தாக வேண்டும். அந்தச் சில வாரங்களில் மண்வாரி யந்திரம் ஒன்று பழுதுற்றுக் கரையில் நின்றுவிட்டால் நேரும் நஷ்டம் யந்திரச் சொந்தக்காரருடையது மட்டுமன்று. அவ்வாய்க்காலை நம்பிய அத்தனை பேருடையதும் ஆகும். யந்திரம் நின்றுபோகும் காரணங்களுள் செலவு மிகுந்தது, எளிதில் தவறாகக் கணிக்கப்படுவது, அதன் மேற்பகுதியைத் திருப்பும் உறுப்புகளில் நேரும் பழுது. அதனை அறியும் வகையையும், வேண்டுமாயின் மாற்றும் முறையையும் அங்கத்தினர்க்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடையும் மண்வெட்டியும் போய்

முற்காலத்தில் வாய்க்கால் மராமத்து ஊராரின் உடலுழைப்பால் நடைபெற்றது. குடிமராமத்து என்ற அம்மரபை ஒட்டி 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டமும் இயற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. எனினும் பெயர் பழையதே அன்றி முறை பழையதன்று. 2022ஆம் ஆண்டில் டெல்டா மாவட்டங்களில் 80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஏறக்குறைய 4,964 கிலோமீட்டர் நீளத்துக்குத் தூர் வாரும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. இத்துணை நீளத்தைச் சில வாரங்களில் முடிப்பது யந்திரமின்றி இயலாது. வெண்ணாற்றுப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 2016ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற திட்டத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியன சேர்ந்திருந்தன. கரையுயர்த்துதலும் ஆழப்படுத்துதலும் ஆகிய அவ்வேலைகளும் யந்திரத்துக்குரியவையே.

எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் மண்வாரியை முதன்முதல் செய்தோருள் பிரான்ஸ் நாட்டுப் பொக்லைன் கம்பெனியார் ஒருவர். 1951இல் அவர்களது முதல் யந்திரம் வெளிவந்தது. முழு வட்டமாகத் திரும்பும் யந்திரத்தை 1961இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் இந்தியாவில் லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனியார் அவர்களோடு சேர்ந்து இவ்வகை யந்திரங்களைச் செய்தனர். தமிழ்நாட்டில் எந்த மண்வாரியையும் ‘பொக்லைன்’ என்று அழைக்கும் வழக்கம் அவ்வாறு வந்தது. 1984 முதல் டாட்டா கம்பெனியார் ஜப்பானிய ஹிட்டாச்சியாருடன் கூடிச் செய்த யந்திரங்கள் பரவியபின் ‘ஹிட்டாச்சி’ என்பதும் பொதுப்பெயராயிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். முன்னே அள்ளுகூடையும் பின்னே தோண்டுகையும் உடைய, ரப்பர்ச் சக்கரங்களில் ஓடும் ‘ஜே.சி.பி.’ வகையில், பின்கை அரைவட்டமே திரும்பும். அதனைத் திருப்புபவை ஹைட்ராலிக் சிலிண்டர்கள். அதில் சுழல் மோட்டார் கிடையாது. நாம் பேசுவது, இரும்புச் சங்கிலித் தடத்தின் மேல் நின்று, ஆபரேட்டர் அறை, எஞ்சின், நீண்ட கை அனைத்தும் ஒன்றாக முழு வட்டம் திரும்பும் யந்திரத்தைப் பற்றி.

யந்திரம் திரும்புவது எவ்வாறு?

மண்வாரி எஞ்சினின் வலிமை நேராகப் பற்சக்கரத்துக்குச் செல்வதில்லை. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகின்றது. பம்பு தள்ளும் எண்ணெய் கட்டுப்பாட்டு வால்வை அடைகின்றது. ஆபரேட்டர் கைப்பிடியை அசைத்ததும் 30 முதல் 40 கிலோ அளவான சிறு அழுத்தமுள்ள ‘பைலட்’ எண்ணெய் அவ்வால்வின் உள்தண்டை நகர்த்துகின்றது. உடனே பேரழுத்த எண்ணெய் சுழல் மோட்டாரின் இரு வாயில்களில் ஒன்றில் புகும். வலத்துக்கு ஒரு வாயில், இடத்துக்கு மற்றொன்று.

மோட்டாருக்குள் வட்டமாக அமைந்த பல பிஸ்டன்களை எண்ணெய் தள்ளுவதால் தண்டு சுழல்கின்றது. 20 டன் அளவுள்ள யந்திரங்களில் இவ்வழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 250 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். மோட்டார் கார்ச் சக்கரத்தின் காற்றழுத்தம் சுமார் 2 கிலோதான் என்பதை எண்ணினால் இதன் வன்மை விளங்கும். அழுத்தம் அளவுகடவாமல் காக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ‘ரிலீஃப்’ வால்வு உண்டு. மேலும், மோட்டாரோடு சேர்ந்தே ஒரு பிரேக்கும் இருக்கின்றது. ஸ்பிரிங்கின் விசையால் அது எப்போதும் பிடித்தே இருக்கும். எண்ணெய் அழுத்தம் வந்தால்தான் விடும்.

மோட்டாரின் தண்டு மிக வேகமாகச் சுழலும். ஆனால் மேற்பகுதி நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகளுக்கு மேல் திரும்பலாகாது. ஆதலின் இடையே பற்சக்கரப் பெட்டி வைக்கப்பட்டுள்ளது. அதனுள் நடுவே ஒரு பற்சக்கரமும், அதனைச் சுற்றிவரும் சிறு பற்சக்கரங்களும் இரண்டு அடுக்காக அமைந்து, வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்குகின்றன. பெட்டியின் அடியில் நீளும் ‘பினியன்’ என்ற சிறு பற்சக்கரம், கீழ்ச்சட்டத்தோடு பிணைந்த பெரிய வளையத்தின் பற்களைக் கடித்துத் திரும்ப, மேற்பகுதி முழுவதும் திரும்புகின்றது.

மண்ணை அள்ளி, திரும்பி, கரையில் கொட்டி, மீண்டும் வருவதற்கு 20 விநாடி என்று கொள்வோம். மணிக்கு 180 முறை. எட்டு மணி நேரத்தில் 1,440 முறை. ஒவ்வொரு முறைக்கும் இரு திருப்பம் எனின் நாளொன்றுக்கு 2,880 திருப்பங்கள். அத்தனை முறையும் பல டன் எடையைத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டும். இவ்வுறுப்புகள் தேய்வதில் வியப்பில்லை. கவனித்து வந்தால் தேய்வு மெல்ல வரும். கவனியாவிடில் விரைவில் வரும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

யந்திரம் திரும்பவில்லை என்றதும் ‘மோட்டார் போயிற்று’ என்று முடிவு செய்வது பெருந்தவறு. பாவு நூல் ஓரிடத்தில் அடிக்கடி அறுந்தால், அனுபவமுள்ள நெசவாளர் நூலைக் குறை கூறுமுன் அச்சின் பல்லையும் விழுதையும் பார்ப்பார். யந்திரத்துக்கும் அதுவே முறை.

முதற்கேள்வி: மற்ற உறுப்புகள் இயங்குகின்றனவா? கை தூக்குதல், கூடையை மடக்குதல், தடம் நகர்தல் ஆகிய யாவும் மெதுவாயிருப்பின், குற்றம் பம்பு, எண்ணெய் அளவு, வடிகட்டி, எஞ்சின் ஆகியவற்றில் இருக்கலாம். அவை செவ்வனே இயங்கித் திருப்பம் மட்டும் கெட்டிருந்தால்தான் சுழல் உறுப்புகளைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாங்கேள்வி: பூட்டு ஏதேனும் இடப்பட்டுள்ளதா? யந்திரத்தை லாரியில் ஏற்றி வரும்போது மேற்பகுதி திரும்பாதிருக்க இரும்பு முளையோ பொத்தானோ கொண்டு பூட்டுவது வழக்கம். அதனை எடுக்க மறந்து, மெக்கானிக்கை நகரிலிருந்து வரவழைத்துச் செலவு செய்வாரும் உண்டு.

மூன்றாங்கேள்வி: கைப்பிடியை அசைக்கும்போது எஞ்சின் சுமை ஏறுவதுபோல் முனகுகின்றதா? இதற்குரிய விடை பாதி நோயைக் காட்டிவிடும். எஞ்சின் முனகியும் யந்திரம் திரும்பவில்லையெனில் எண்ணெய் மோட்டாரை அடைந்து அழுத்தமும் ஏறுகின்றது. ஆனால் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றது. பிரேக் விடவில்லை, பூட்டு எடுபடவில்லை, பற்சக்கரம் இறுகிவிட்டது என்ற மூன்றில் ஒன்று காரணமாகும். எஞ்சின் முனகவே இல்லையெனில் அழுத்தம் எழவில்லை என்பது பொருள். பைலட் எண்ணெய் வரவில்லை, வால்வின் உள்தண்டு நகரவில்லை, மோட்டாருக்குள் எண்ணெய் ஒழுகிவிடுகின்றது, அல்லது தண்டு முறிந்து மோட்டார் வெறுமனே சுழல்கின்றது என்று கொள்ளலாம். இவற்றைப் பிரித்தறிய அழுத்தமானி வேண்டும். அழுத்தமானியின்றி மோட்டாரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கைச் சற்று நிறுத்திக் கேள்வி கேட்பது அங்கத்தினரின் உரிமை.

குறிகளும் காரணங்களும்

*ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் திரும்புதல்.* மோட்டாரின் பிஸ்டன்கள் இரு பக்கத்துக்கும் பொதுவானவை. அவை தேய்ந்தால் இரு பக்கமும் குறைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அப்பக்கத்து ரிலீஃப் வால்வு அல்லது அப்பக்கத்துப் பைலட் குழாய் மீது ஐயம் கொள்ளலாம். எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை விடுவித்து, இரு பக்கத்து ரிலீஃப் வால்வுகளையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். முன்பு இடப்பக்கம் இருந்த குறை இப்போது வலப்பக்கம் வந்தால் வால்வே குற்றவாளி. குறை இருந்த இடத்திலேயே இருந்தால் வால்வு நல்லது. பைலட் வழியை நோக்க வேண்டும். செலவற்ற இச்சோதனை பல மோட்டார்களைக் காப்பாற்றும்.

*இரு பக்கமும் மெதுவாதல்.* பிரேக் அரைகுறையாக விடுவதாலோ, மோட்டாருக்குள் கசிவு மிகுவதாலோ இது நேரலாம். பிரேக் காரணமாயின், சிறிது நேரம் வேலை செய்தபின் மோட்டாரின் மேற்பகுதி மிகச் சூடாகும். பிரேக்குக்குச் செல்லும் சிறு குழாயில் அழுத்தமானியை வைத்துப் பார்க்க வேண்டும். கசிவை அறிய ‘டிரெயின்’ சோதனை உதவும். மோட்டாருக்குள் இயல்பாகக் கசியும் எண்ணெய் ஒரு தனிக்குழாயால் தொட்டிக்குத் திரும்புகின்றது. அக்குழாயைத் தொட்டிப்பக்கம் அடைத்து, மோட்டார்ப் பக்கத்தை ஒரு பாத்திரத்தில் விட்டு, மேற்பகுதி திரும்பாதவாறு கூடையைத் திடமான மேட்டில் முட்டவைத்து, கைப்பிடியைத் தள்ளி ஒரு நிமிஷத்தில் எவ்வளவு எண்ணெய் வருகின்றதென அளக்க வேண்டும். யந்திரத்தின் கையேட்டில் கண்ட வரம்புக்கு மிஞ்சினால் மோட்டாரின் உள்ளுறுப்புகள் தேய்ந்தன. மோட்டார்ப் பக்கத்து வாயிலை மட்டும் ஒருபோதும் அடைத்து இயக்கலாகாது. அடைத்தால் உள்ளழுத்தம் ஏறித் தண்டின் சீல் பிய்ந்துவிடும்.

*நிறுத்தியபின்னும் சறுக்குதல்.* கைப்பிடியை விட்டதும் மேற்பகுதி சிறிது ஓடி நிற்பது இயல்பு. அளவுக்கு மிஞ்சி ஓடினால் ரிலீஃப் வால்வையோ மோட்டாரின் கசிவையோ பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றபின் சரிவில் மெல்ல மெல்லத் தானே திரும்புமாயின் பிரேக்கின் தட்டுகள் தேய்ந்தன என்று கொள்க. கரைச்சரிவில் வேலை செய்யும் யந்திரத்துக்கு இது ஆபத்தான குறி.

*ஓசை.* திசை மாற்றும்போதெல்லாம் ‘டக்’ என இடிக்கும் ஓசை, பினியன் பற்கள் தேய்ந்ததற்கோ பெட்டியின் போல்ட்டுகள் தளர்ந்ததற்கோ அடையாளம். வளையத்தின் ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் இடித்தால் வளையத்தின் பல் ஒன்று உடைந்திருக்கலாம். இடைவிடாத கரகரப்பு பேரிங்கின் குரல். கிறீச்சென்ற ஊளை, எண்ணெய் குறைந்து காற்றுப் புகுந்தமையைக் காட்டும்.

எண்ணெய் உரைக்கும் செய்தி

பற்சக்கரப் பெட்டியில் எண்ணெய் அளவுகம்பி ஒன்று உண்டு. நாள்தோறும் காலையில் அதனைப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷமும் ஆகாது.

அளவு குறைந்துகொண்டே வந்தால், பினியனுக்கு மேலுள்ள கீழ்ச்சீல் கெட்டு எண்ணெய் வளையத்தின் கிரீஸில் இறங்குகின்றது. கிரீஸ் நீர்த்துப்போயிருப்பதும் அதற்குச் சான்று. அளவு தானே ஏறி வந்தால் பலர் மகிழ்வர், அது மகிழ்ச்சிக்குரியதன்று. மோட்டார்த் தண்டின் சீல் கெட்டு, ஹைட்ராலிக் எண்ணெய் பெட்டிக்குள் இறங்குகின்றது என்பது அதன் பொருள். மெல்லிய ஹைட்ராலிக் எண்ணெய் கலந்த கியர் எண்ணெய் பற்களைக் காக்கும் வலிமையை இழக்கும். இந்நிலையில் சீலை மாற்றினால் சிறு செலவோடு முடியும். பொருட்படுத்தாது ஓட்டினால் பெட்டியே போகும்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. அடியில் உள்ள காந்தத் திருகில் மாவுபோன்ற நுண்பொடி ஒட்டியிருப்பது இயல்பான தேய்வு. பளபளக்கும் செதில்களும் துண்டுகளும் இருப்பின் பல்லோ பேரிங்கோ உடைகின்றது. அன்றே யந்திரத்தை நிறுத்துவது நலம்.

கழற்றுமுன்

பற்சக்கரப் பெட்டியைக் கழற்றியவுடன் மேற்பகுதியைப் பிடித்து நிறுத்தும் பிரேக் எதுவும் இல்லை. பல டன் இரும்பு காற்றுக்கும் சரிவுக்கும் தானே திரும்பக்கூடும். ஆகவே கரைச்சரிவில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. சமமான, கெட்டியான தரைக்கு யந்திரத்தைக் கொண்டுவந்து, கூடையைத் தரையில் ஊன்றி, மேற்பகுதிக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் இடையே அசையாதவாறு கட்டைகளை இறுக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்தியபின்னும் குழாய்களில் அழுத்தம் நிற்கும். கைப்பிடிகளை எல்லாப் பக்கமும் பலமுறை அசைத்தும், எண்ணெய்த் தொட்டியின் மூச்சுத்துளையைத் திறந்தும் அதனை விடுவிக்க வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்கக் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வலி சிறிதாயினும் காயம் கொடியது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அட்டையையோ பலகையையோ நீட்டியே கசிவைப் பார்க்க வேண்டும்.

சோதனையின்போது கைப்பிடியில் இருப்பவர் ஒருவர், சைகை காட்டுபவர் ஒருவர் என்று முன்னரே தீர்மானிக்க வேண்டும். யந்திரத்தின் பின்பாரம் சுழலும் வட்டத்துக்குள் வேறு எவரும் நிற்கலாகாது. வேடிக்கை பார்க்கக் கூடும் சிறுவர்களைத் தொலைவில் நிறுத்துவது சங்கத்தாரின் பொறுப்பு.

மாற்றும் முறை

குழாய்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் அடையாளம் கட்ட வேண்டும். கழற்றிய ஒவ்வொரு வாயிலையும் உடனே மூடியிட்டு அடைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மணல் புதிய மோட்டாரைக் கெடுக்கப் போதும். பெட்டியின் எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்துச் செதில்கள் உண்டா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் மட்டும் கெட்டிருந்தால் பெட்டியை அசைக்காமல் மோட்டாரை மேலே எடுத்துவிடலாம். பெட்டியும் எடுக்கப்பட வேண்டுமாயின், செயின் பிளாக் அல்லது கிரேனைக் கொண்டு, பாரம் தாங்கும் கொக்கிகளில் மாட்டி நேர்மேலாகத் தூக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் பினியனும் வளையமும் சேதமுறும்.

பெட்டி வெளியே வந்தபின் அனைவரும் செய்யத் தவறும் வேலை ஒன்று இருக்கின்றது. அந்தத் துளை வழியே வளையத்தின் பற்களை ஒன்றுவிடாமல் பார்த்தல் வேண்டும். தேய்ந்த வளையத்தில் புதிய பினியனை ஓட்டினால் புதியதும் விரைவில் தேயும். வளையத்தின் கிரீஸில் நீரும் இரும்புத்தூளும் இருந்தால் அதனை முழுவதும் எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் இட வேண்டும்.

பொருத்தும்போது இருமுகங்களையும் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, ஓ-ரிங்குகளைப் புதியனவாக இட்டு, கையேடு கூறும் இடங்களில் அடைப்புப் பசை தடவ வேண்டும். போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் மற்றொன்றாக, படிப்படியாக, விசையளக்கும் ஸ்பானரைக் கொண்டு கையேட்டு அளவுக்கு முடுக்க வேண்டும். குழாயை மாட்டி நீட்டிய ஸ்பானரால் மனம் போனபடி முடுக்குவது இவ்விடத்துக்கு ஆகாது.

புதிய மோட்டாரை உலர்ந்த நிலையில் ஓட்டினால் முதல் நிமிஷத்திலேயே அது கெடும். ஆதலின் டிரெயின் வாயில் வழியே சுத்தமான ஹைட்ராலிக் எண்ணெயை அதன் வயிறு நிறைய ஊற்றியபின்பே எஞ்சினைத் தொடங்க வேண்டும். பெட்டிக்குரிய கியர் எண்ணெயை அளவுக்கோடு வரை நிரப்ப வேண்டும். எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, காற்று வெளியேறும்வரை இருபக்கமும் மெதுவாகத் திருப்பிப் பார்த்து, கசிவு இல்லையென உறுதி செய்தபின் வேகத்தைக் கூட்டலாம். அன்றைய வேலை முடிவில் போல்ட்டுகளையும் எண்ணெய் அளவுகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

பழைய மோட்டார் உள்ளே உடைந்து போயிருந்தால் அதன் துகள்கள் டிரெயின் வழியே தொட்டிவரை சென்றிருக்கும். வடிகட்டிகளை மாற்றாமலும், தொட்டியைச் சுத்தம் செய்யாமலும் புதியதைப் பொருத்துவோர், அதே செலவை விரைவில் மறுமுறை செய்ய நேரும்.

பழுது பார்ப்பதா? புதிது வாங்குவதா?

சீல், ரிலீஃப் வால்வு, பிரேக் தட்டு, பேரிங் ஆகியவை கெட்டால் பழுது பார்த்தலே சிக்கனம். பிஸ்டன் தொகுதியில் ஆழ்ந்த கீறல்கள் விழுந்தாலோ, பெட்டியின் உடல் வெடித்தாலோ, பேரிங் அமரும் குழி தேய்ந்தாலோ முழுவதையும் மாற்றுவதே முறை. சந்தையில் கம்பெனிப் பொருளும், புதுப்பிக்கப்பட்ட பொருளும், உடைத்து விற்கும் யந்திரத்திலிருந்து எடுத்த பழம்பொருளும் கிடைக்கின்றன. பழம்பொருளை வாங்குமுன் யந்திரத்தின் மாடல் பெயரை மட்டும் நம்பலாகாது. ஒரே மாடலிலும் வரிசை எண் மாறினால் உறுப்பு மாறியிருக்கும். மோட்டாரின் பெயர்த்தகட்டு எண், பினியனின் பற்களின் எண்ணிக்கை, தண்டின் வரிப்பற்கள், போல்ட்டுத் துளைகளின் அமைப்பு, பெட்டியின் வேகக்குறைப்பு அளவு ஆகிய ஐந்தும் ஒத்திருந்தாலன்றிப் பணம் கொடுத்தல் கூடாது. பழைய மோட்டாருக்கு டிரெயின் சோதனையின் முடிவையும் கேட்டுப் பெறலாம்.

எதை மாற்றினாலும், அது ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடை காணாமல் மாற்றலாகாது. காரணம் உள்ளே இருக்கும்வரை புதிய பொருளும் அவ்வழியே போகும்.

உப்பு நிலத்துக்குரிய எச்சரிக்கை

அகஸ்தியம்பள்ளி, கோடியக்கரைப் பக்கங்களில் உப்பளத்து நீரும் உவர்ச்சேறும் இரும்பை விரைவில் அரிக்கும். தடத்தின் மேல் உருளைகளின் நடுமட்டத்துக்கு மேல் நீர் ஏறும் இடத்தில் யந்திரத்தை இறக்கக்கூடாது. அதற்கு மேல் ஏறினால் நீர் சுழல் வளையத்தை எட்டும். தவறி எட்டிவிட்டால், அன்று மாலையே வளையத்தின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்து, பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதியது ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் நன்னீரால் கழுவுதல், அளவுகம்பியின் மூடியும் மூச்சுத்துளையும் பழுதின்றி இருப்பதைப் பார்த்தல் ஆகியன சிறு வேலைகளே. பெட்டியின் எண்ணெயை 1,000 மணிக்கு ஒருமுறை மாற்றலாம் எனக் கையேடு கூறினாலும், நீரிலும் உவரிலும் உழைக்கும் யந்திரத்துக்கு அதில் பாதியிலேயே மாற்றுவது விவேகம்.

வாடகைக்கு அமர்த்தும் அங்கத்தினர்க்கு

வேளாண்மைப் பொறியியல் துறையினர் மண்வாரி முதலிய யந்திரங்களை விவசாயிகளுக்கு வாடகைக்கு அளித்துவருகின்றனர். தனியாரிடமும் கிடைக்கின்றன. வயலில் குட்டை வெட்டவும், வடிகாலைச் சீராக்கவும் சிலர் கூடி ஒரு யந்திரத்தை அமர்த்தும்போது வாடகை மணிக்கணக்கில் ஏறுகின்றது. திருப்பம் மந்தமான யந்திரம் அதே மணிக்கு அதே வாடகை வாங்கி, குறைந்த மண்ணையே அள்ளும். முன்னே கண்ட கணக்கில் 20 விநாடி என்பது 30 விநாடி ஆயின், மணிக்கு 180 முறை 120 முறையாகக் குறைகின்றது; மூன்று மணி வாடகைக்கு இரண்டு மணி வேலைதான் கிடைக்கும்.

ஆகவே வேலை தொடங்குமுன் யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, காலிக்கூடையோடு வலமும் இடமும் முழுச்சுற்றுத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். இருபக்கமும் ஆகும் நேரம் ஒத்திருக்க வேண்டும். இடியும் கரகரப்பும் இருத்தல் கூடாது. மணிகாட்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதால் நின்ற நேரம் வாடகையில் சேராது என்பதையும், பழுதுச் செலவு யாருடையது என்பதையும், குறித்த நாட்களுக்குள் சீராகாவிடில் வேறு யந்திரம் தருவது யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் நட்புக்குப் போதும், கணக்குக்குப் போதாது.

சங்கமே யந்திரம் வைத்திருக்குமாயின், ஒரு குறிப்பேடு இன்றியமையாதது. எண்ணெய் அளவு, மாற்றிய நாள், கேட்ட ஓசை, செய்த சோதனை ஆகியவற்றை ஆபரேட்டர் நாள்தோறும் எழுதிவர வேண்டும். காரியதரிசி வாரம் ஒருமுறை அதனைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். பங்குனி மாதத்திலேயே யந்திரத்தைச் சோதித்து, வேண்டிய சீல்களையும் ஓ-ரிங்குகளையும் வாங்கி வைத்துக்கொண்டால், வைகாசியில் கரையில் நின்று உறுப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சோதித்தறிந்து செலவு செய்யும் சங்கத்தில் அங்கத்தினரின் பணமும் மிஞ்சும். மேட்டூர் நீர் வருமுன் வாய்க்காலும் ஆயத்தமாயிருக்கும்.